கர்னல் சோப்ரா: இந்தியாவுக்கு மருந்துச் சட்டம் கிடைக்கக் காரணமானவரின் கதை

திருவொற்றியூர் நெடுஞ்சாலை. இரவு ஒன்பதரை மணி. மெட்ரோவில் இருந்து இறங்கி, வீட்டுக்குப் போகிற வழியில் மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறீர்கள். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை பத்து வேண்டும். கடைக்காரர் பதினைந்து மாத்திரை உள்ள அட்டையை எடுக்கிறார். கத்தரியால் பத்தை வெட்டி, சின்ன காகிதக் கவரில் போட்டுத் தருகிறார். போனில் பணம் போய்விடுகிறது. பில் கேட்கவில்லை, அவரும் தரவில்லை.

வீட்டில் வந்து பார்த்தால் மாத்திரை இருக்கிறது. ஆனால் அதன் தொகுப்பு எண்ணும் (அதான், பேட்ச் நம்பர்) காலாவதி தேதியும் கடையில் மீந்துபோன ஐந்து மாத்திரைத் துண்டோடு அங்கேயே நின்றுவிட்டன.

அந்தக் குட்டி எழுத்துகளுக்கு எதற்கு இவ்வளவு முக்கியத்துவம்? மாத்திரை எந்த ஆலையில் தயாரானது, யார் உரிமம் கொடுத்தது, பிரச்சினை என்றால் யாரைப் பிடிப்பது என்று பின்னோக்கிப் போக நமக்கு இருக்கும் ஒரே நூல் அதுதான். அந்த நூலை இந்தியாவில் கட்டாயமாக்கிய சட்டத்துக்கு அடித்தளம் போட்டவர் ஒரு ராணுவ மருத்துவர். பெயர் ராம்நாத் சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தை என்று மருத்துவ மாணவர்கள் படிப்பார்கள். மற்றவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம்.

யார் இந்த சோப்ரா?

1882 ஆகஸ்ட் 17 அன்று, இப்போது பாகிஸ்தானில் இருக்கும் குஜ்ரன்வாலாவில் பிறந்தார். லாகூர் அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜில் வால்டர் டிக்சன் என்ற மருந்தியல் அறிஞரிடம் பயிற்சி கிடைத்தது. ஒரு மருந்து உடம்பில் என்ன செய்கிறது, எந்த அளவில் குணமாக்குகிறது, எந்த அளவில் கொல்கிறது என்பதை அளந்து பார்க்கும் துறை அது. அன்றைக்கு ரொம்பப் புதுசு.

1908-இல் இந்திய மருத்துவப் பணியில் (ஐ.எம்.எஸ்.) சேர்ந்தார். வெள்ளைக்காரர்கள் நிறைந்திருந்த அந்தப் பணியில் தேர்வு எழுதி உள்ளே போன இந்தியர்களில் ஒருவர். முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றினார்.

1921-இல் கல்கத்தாவில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, அதன் முதல் மருந்தியல் பேராசிரியரானார். அங்கே அவர் கையில் எடுத்த கேள்வி எளிமையானது. கடையில் விற்கிற மருந்தில், லேபிளில் போட்டிருப்பது உண்மையிலேயே இருக்கிறதா?

இதய நோய்க்குக் கொடுக்கும் டிஜிடாலிஸ் கரைசல் போன்ற மருந்துகளை வாங்கி ஆய்வகத்தில் சோதித்தார். லண்டனில் சரியாக இருந்த மருந்து, கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்து, இந்திய வெயிலில் கிடங்கில் கிடந்த பிறகு வீரியம் இழந்துபோவது தெரிந்தது. டாக்டர் சரியான அளவைத்தான் எழுதுவார். நோயாளியும் தவறாமல் குடிப்பார். ஆனால் பாட்டிலில் இருப்பது பாதி மருந்துதான். இதில் யாரும் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை. இடையில் சோதித்துப் பார்க்க யாருமில்லை, அவ்வளவுதான்.

கொய்னாவில் கிளம்பிய புகார்

வேண்டுமென்றே ஏமாற்றியவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். அப்போது இந்தியாவில் மலேரியா கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொண்டுபோனது. அதற்கு இருந்த மருந்து கொய்னா. தேவை அதிகம், விலை அதிகம், சோதனை இல்லை. கலப்படக்காரனுக்கு வேறு என்ன வேண்டும்? கொய்னா என்ற பெயரில் அளவு குறைந்த மாத்திரைகளும் கலப்பட மாத்திரைகளும் புழங்கின. பத்திரிகைகளில் இது பெரிய பேச்சானது.

1927 மார்ச்சில் மத்திய சட்டமன்றத்தின் மேலவையில் சர் ஹாரூன் ஜாஃபர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மருந்து விற்பனையைக் கட்டுப்படுத்த மாகாண அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது நாடு முழுவதற்குமான மருந்துச் சட்டம் எதுவும் கிடையாது. சென்னை மாகாணத்தில் 1918-இல் வந்த கலப்படத் தடைச் சட்டம் முக்கியமாக உணவுப் பொருட்களுக்கானது. துறைமுகத்தில் வந்து இறங்கும் மருந்துப் பெட்டிக்குச் சுங்கவரி போட ஆள் இருந்தார்கள். பெட்டிக்குள் இருப்பது மருந்துதானா என்று பார்க்க ஆள் இல்லை.

1930 ஆகஸ்டில் ஆங்கிலேய அரசு ஒரு மருந்து விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர், லெப்டினன்ட் கர்னல் ஆர்.என்.சோப்ரா.

குழு கண்டது என்ன?

குழு மாகாணம் மாகாணமாக விசாரித்தது. மருத்துவர்கள், வியாபாரிகள், தயாரிப்பாளர்கள், அதிகாரிகள் என்று பலரிடமும் சாட்சியம் வாங்கியது. 1931-இல் அறிக்கை வந்தது. அதை இன்றைய மொழியில் சுருக்கினால் இப்படி வரும்:

ஒன்று, தரமில்லாத மருந்து இறக்குமதியிலும் வருகிறது, உள்ளூரிலும் தயாராகிறது. இரண்டில் ஒன்றை மட்டும் தடுத்தால் பயனில்லை.

இரண்டு, மருந்துக் கடையில் நிற்பவர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்ற நிலை ஆபத்தானது. மருந்தாளுநருக்குப் படிப்பும் பதிவும் வேண்டும்.

மூன்று, தயாரிப்புக்கும் விற்பனைக்கும் உரிமம் வேண்டும். உரிமம் கொடுத்தால் போதாது, போய்ப் பார்க்க ஆய்வாளர்கள் வேண்டும்.

நான்கு, ஆய்வாளர் எடுத்துவரும் மாதிரியைச் சோதிக்க மாகாணங்களில் ஆய்வகம் வேண்டும். சந்தேகம் வந்தால் இறுதி முடிவு சொல்ல மத்திய ஆய்வகம் ஒன்று வேண்டும்.

ஐந்து, நாடு முழுக்க ஒரே சட்டம் வேண்டும். மருந்துக்கு மாகாண எல்லை தெரியாது.

இந்த ஐந்தாவது விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

அறிக்கை 1931, சட்டம் 1940. ஏன் இத்தனை தாமதம்?

அறிக்கை வந்ததும் சட்டம் வந்துவிடவில்லை. 1937-இல் அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. அது இறக்குமதி மருந்துகளை மட்டும் கட்டுப்படுத்துவது. உள்நாட்டுத் தயாரிப்பையும் விற்பனையையும் விட்டுவிட்டு இறக்குமதியை மட்டும் பிடித்து என்ன லாபம் என்ற எதிர்ப்பு எழுந்தது. சோப்ரா குழு முன்பே சொன்னதும் அதுதான்.

அதே 1937-இல் அமெரிக்காவில் ஒரு கொடுமை நடந்தது. தொண்டைத் தொற்றுக்குக் கொடுத்த ஒரு சிரப்பில், மருந்தைக் கரைக்க டைஎத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத்தைச் சேர்த்திருந்தார்கள். இனிப்பாக இருக்கும். சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்துவிடும். 100 பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் குழந்தைகள். மறு வருஷமே அமெரிக்கா புதிய மருந்துச் சட்டம் போட்டது.

இந்தியாவில் 1937-இல் கல்கத்தாவில் மருந்துகளின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வகம் சோப்ராவின் பொறுப்பில் தொடங்கியது. இன்றைய மத்திய மருந்து ஆய்வகத்தின் வேர் அது. சட்டம் 1940 ஏப்ரலில்தான் ஒப்புதல் பெற்றது. விதிகள் 1945-இல் வந்தன. முழுமையாக அமலுக்கு வந்தது 1947-இல். மருந்தாளுநர்களுக்கான பார்மஸி சட்டம் 1948-இல். அறிக்கையில் இருந்து கணக்குப் போட்டால் 17 வருஷம்.

ஒரு முக்கியமான விஷயத்தில் சட்டம் சமரசம் செய்துகொண்டது. இறக்குமதியை மத்திய அரசு பார்க்கும். தயாரிப்பையும் விற்பனையையும் பெரும்பாலும் மாகாணங்கள் பார்க்கும். அந்தப் பிரிவினை இன்றும் பெரிதாக மாறவில்லை.

நாட்டு மருந்தையும் விடவில்லை

சோப்ராவை வெறும் சட்டக் குழுத் தலைவராக நினைத்துவிடக் கூடாது. இந்திய மூலிகைகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1933-இல் வெளியானது. சர்ப்பகந்தா வேரில் இருக்கும் பொருட்கள் ரத்த அழுத்தத்தைக் குறைக்கின்றன என்பதை அவரது குழு அதே காலத்தில் ஆய்வகத்தில் காட்டியது. பின்னாளில் அந்த வேரில் இருந்து பிரித்தெடுத்த ரெசர்பின், 1950-களில் உலகம் முழுக்க பிரஷர் மருந்தாகப் பயன்பட்டது.

நாட்டு மருந்தை மட்டமாகப் பேசுவதும், கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடுவதும் அவருக்கு ஒத்துவரவில்லை. அளந்து பார், வேலை செய்தால் தரம் நிர்ணயி என்பதுதான் அவர் வழி. 1946-இல் வந்த இந்திய மருந்துப் பட்டியலைத் தயாரித்த குழுவுக்கும், இந்திய மருத்துவ முறைகளை ஆராய அதே ஆண்டு அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர்.

1941-இல் சர் பட்டம் கிடைத்தது. கல்கத்தா பணி முடிந்ததும் ஜம்மு காஷ்மீருக்குப் போய், அங்கே மருந்து ஆராய்ச்சிக் கூடத்தை வளர்த்தார். 1973 ஜூன் 13 அன்று, 90 வயதில் காலமானார். 1983-இல் அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

அவர் பயந்தது நடந்தது

சோப்ரா உயிரோடு இருந்த கடைசி வருஷங்களிலேயே, 1970-களின் தொடக்கத்தில், நம்ம சென்னையிலேயே அது நடந்தது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் சிரப் குடித்த 10-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். காரணம், அதே டைஎத்திலீன் கிளைக்கால்.

1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனை. கிளிசரின் கொடுக்கப்பட்ட 14 நோயாளிகள் இறந்தார்கள். அதிலும் அதே ரசாயனம். விசாரித்த நீதிபதி லென்டின் ஆணையம், மருத்துவமனை கொள்முதலில் இருந்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வரை எப்படிச் சீரழிந்திருந்தது என்பதை விரிவாகப் பதிவு செய்தது.

2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் ஜம்முவின் ராம்நகர். இருமல் சிரப் குடித்த 12 குழந்தைகளாவது இறந்தார்கள். சோப்ரா ஆராய்ச்சிக் கூடம் நடத்திய அதே ஜம்மு வட்டாரம்.

2025-இல் நம்ம மாநிலத்தின் பெயரே கெட்டது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் பார்மா தயாரித்த கோல்ட்ரிஃப் சிரப், மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் விற்பனையானது. அதைக் குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்ததில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். ஆலையில் 350-க்கும் அதிகமான விதிமீறல்கள். உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார், மருந்து ஆய்வாளர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

கவனியுங்கள். ஆலை தமிழ்நாட்டில், உரிமம் தமிழ்நாட்டில், ஆய்வாளர் தமிழ்நாட்டில். குழந்தைகள் மத்தியப் பிரதேசத்தில். இங்கே ஒரு ஆய்வாளர் போகாமல் விட்டது, எங்கேயோ இருக்கிற ஒரு வீட்டில் போய் விடிகிறது. மருந்துக்கு மாநில எல்லை கிடையாது என்று 1931-இல் சொன்னது இதைத்தான்.

சங்கிலி எங்கே அறுகிறது?

இதைப் புரிந்துகொள்ள வடசென்னைக்காரர்கள் தூரமாகப் போக வேண்டாம். சிரப்பில் மருந்தைக் கரைக்கப் பயன்படும் புரொப்பிலீன் கிளைக்கால், திருவொற்றியூருக்கு மேற்கே மணலி தொழிற்பகுதியில் தயாராகிற பொருள்தான். இது ரெசின், பெயின்ட் தொழிலுக்கும் போகும், மருந்துக்கும் போகும். ஆனால் இரண்டுக்கும் தரம் வேறு, சோதனை வேறு, சான்றிதழ் வேறு, விலையும் வேறு.

ஆபத்து பெரும்பாலும் ஆலைக்கு வெளியே, கை மாறும்போது வருகிறது. பெரிய டிரம்மில் இருந்து சின்ன கேனுக்கு மாறும். ஒரு வியாபாரியிடம் இருந்து இன்னொரு வியாபாரிக்கு மாறும். ஒவ்வொரு கையிலும் பழைய சான்றிதழ் கழன்றுகொண்டே போகும். விலை குறைவு என்று மருந்துத் தரம் இல்லாத சரக்கை ஒரு மருந்துத் தயாரிப்பாளர் வாங்குவார். பார்க்க டைஎத்திலீன் கிளைக்காலும் அதே மாதிரி இருக்கும். நிறமில்லை, கொழகொழப்பு, இனிப்பு. சோதிக்காமல் கலந்தால் முடிந்தது கதை.

சங்கிலியின் இன்னொரு முனையும் வடசென்னையில் ஒருமுறை அறுந்தது. 2010 மார்ச்சில், காலாவதியான மருந்துகளைச் சேகரித்து, தேதியை மாற்றி, புது மருந்து போல மறுபடி கடைகளுக்கு அனுப்பிய கும்பல் சென்னையில் பிடிபட்டது. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கின் பெயர் தினமும் செய்தியில் அடிபட்டது. காலாவதி மருந்து கடையில் இருந்து மொத்த வியாபாரிக்கும், அங்கிருந்து கம்பெனிக்கும் திரும்பிப் போய், எரித்து அழிக்கப்பட வேண்டும். எரிக்கச் செலவாகும், கொட்டினால் செலவில்லை. அந்த மிச்சத்தில்தான் கும்பல் பிழைத்தது.

அவர் கேட்டது கிடைத்ததா?

சட்டம் கிடைத்தது. 2008 திருத்தத்துக்குப் பிறகு, போலி அல்லது கலப்பட மருந்தால் உயிர் போனால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. ஆய்வகங்கள் கிடைத்தன. 2023 ஆகஸ்டில் இருந்து, அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் கியூ.ஆர். குறியீடு கட்டாயம்.

நல்ல உதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும்போது தொகுப்பு வாரியாக மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறது. கம்பெனி பெயரை மறைத்து அனுப்புவதால், யாருடைய மருந்து என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. சோதனையில் தேறிய பிறகுதான் மருந்து மருத்துவமனைக்குப் போகும். ராயபுரம் பக்கம் ஸ்டான்லி மருத்துவமனை மருந்தகத்தில் இலவசமாக வாங்கும் மாத்திரை இந்த வழியாகத்தான் வருகிறது. இலவசம் என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டியதில்லை.

கிடைக்காதது, ஆய்வாளர் தவறாமல் போய்ப் பார்க்கும் ஏற்பாடு. சோப்ரா குழு இதைத்தான் அழுத்திச் சொன்னது. சட்டத்தில் ஆயுள் தண்டனை இருக்கலாம். உரிமம் கொடுத்த ஆலைக்குள் வருஷக்கணக்கில் யாரும் போகவில்லை என்றால், அந்தத் தண்டனை இறப்புக்குப் பிறகு வருகிற செய்தி மட்டும்தான். லஞ்சம் வாங்கிக்கொண்டு போகாமல் இருப்பதும், ஆள் பற்றாக்குறையால் போகாமல் இருப்பதும் குழந்தைக்கு ஒன்றுதான்.

சரி, நாம என்ன செய்யலாம்?

* பில் இல்லாமல் மருந்து வாங்காதீர்கள். பில்லில் தொகுப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.
* அட்டையை வெட்டித்தான் தர வேண்டும் என்றால், எண்ணும் தேதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அதுவும் முடியாவிட்டால் அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
* கியூ.ஆர். குறியீடு இருந்தால் ஸ்கேன் செய்து, அட்டையில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.
* 2 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இருமல், சளி சிரப் வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை சொல்லியிருக்கிறது. 5 வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. பக்கத்து வீட்டில் மீந்த பாட்டிலை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.
* சிரப் குடித்த குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தாலோ, நின்றாலோ, வாந்தி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப்போங்கள்.
* காலாவதி மருந்தை அட்டையோடு குப்பையில் போடாதீர்கள். மாத்திரையைப் பிரித்து, அட்டையைக் கிழித்துவிடுங்கள்.
* சந்தேகம் என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கலாம். மாநில அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. புகாருக்கு பில்லும் பேட்ச் நம்பரும் வேண்டும்.

இதெல்லாம் நம்ம வேலையா என்று தோன்றலாம். முழுக்க நம்ம வேலை இல்லைதான். சிரப்பில் என்ன கலந்திருக்கிறது என்று எந்த அம்மாவாலும் முகர்ந்து கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் ஆய்வகமும் ஆய்வாளரும் வேண்டும் என்று ஒருவர் 1931-லேயே எழுதிக் கொடுத்தார்.

ஆனால் புகார் என்று ஒன்று கிளம்பினால், அந்த ஆய்வாளர் தேடி வருவது அட்டையின் ஓரத்தில் இருக்கும் அந்த எண்ணைத்தான். நாளைக்கு மெடிக்கல் ஷாப்பில் கத்தரி அட்டையைத் தொடும் முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: அண்ணே, தேதி இருக்கிற பக்கமா வெட்டிக் கொடுங்க.